‘இயற்கை’ என்ற ஒரு சொல் போதுமா?

ஒரு பலூனை ஊதிக் கட்டுங்கள். ஆரஞ்சுப் பழத்தின் தோலை அதன் அருகில் பிடித்து, எண்ணெய் தெறிக்கும்படி மடித்து நசுக்குங்கள். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில துளிகள் பட்டதும் பலூன் ‘பட்’டென்று வெடித்துவிடும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்னும் ஹைட்ரோகார்பன். ரப்பரும் ஹைட்ரோகார்பன்தான். ஒரே தன்மையுள்ள பொருள்கள் ஒன்றில் ஒன்று கரையும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். லிமோனீன் ஊடுருவிய இடத்தில் ரப்பர் வலுவிழக்கிறது. உள்ளே இருக்கும் காற்று அந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது.

அந்தத் துளியில் செயற்கையாகச் சேர்த்தது எதுவும் இல்லை. அதே எண்ணெய்தான் சிறிய குப்பியில் அடைக்கப்பட்டு, ‘நூறு விழுக்காடு இயற்கை, பக்கவிளைவே இல்லை’ என்ற விளம்பரத்தோடு இணையக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் விற்பனையாகிறது. நறுமண எண்ணெய்களை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘இது இயற்கையா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள் என்கிறேன். எவ்வளவு பயன்படுத்தலாம்? இந்தக் குப்பிக்கு யார் பொறுப்பு?

எவ்வளவு?

“பாட்டி காலத்திலிருந்தே பயன்படுத்துகிறோமே” என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பாட்டி பயன்படுத்தியது செராய்ப் புல். செராய் எண்ணெய் அல்ல. நூறு கிலோ புல்லை நீராவியில் வடித்தால் ஏறத்தாழ அரை கிலோ அல்லது அதற்கும் குறைவான எண்ணெய்தான் கிடைக்கும். ஒரு கட்டுப் புல்லில் பரவிக் கிடந்தது சில துளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பாட்டியின் அனுபவத்தை அப்படியே குப்பிக்கு மாற்றிவிட முடியாது.

உடல்வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் வரும் காரமான மணத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மணம் தரும் பொருள்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். விண்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் இதுதான். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், பெரியவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின் மாத்திரைகள் 20க்கும் மேற்பட்டவற்றுக்குச் சமம். தம்பியோ தங்கையோ அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் அப்படித்தான். சிறிதளவு உள்ளே போனாலும் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கருகே இவற்றைத் தடவும் வழக்கமும் ஆபத்தானது, மூச்சுத்திணறல் ஏற்படலாம்.

‘தண்ணீரில் சில துளிகள் விட்டால் காரம் குறைந்துவிடும்’ என்பது இன்னொரு தவறான எண்ணம். இந்த எண்ணெய்கள் நீரில் கரைவதில்லை, பெரும்பாலானவை மேலே மிதக்கும். வாளித் தண்ணீரில் குளிக்கும்போது கலக்காத துளி நேராகத் தோலில் படும். நீர்க்கச் செய்ய வேண்டுமானால் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெயில்தான் கலக்க வேண்டும். கணக்கு எளிது. 20 துளி ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு என்றால் 0.6 மில்லிலிட்டர், அதாவது 12 துளி. பெரியவர்களின் உடலில் தடவ அதற்கு மேல் தேவையில்லை. முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள்.

தயாரிக்கும் முறையும் முக்கியம். தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயில் ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் இருக்கும். அதைத் தடவிக்கொண்டு நம் நாட்டு வெயிலில் திடலுக்குப் போனால் தோல் வெந்து கொப்புளம் வரலாம். நீராவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் அவை பெரும்பாலும் வருவதில்லை. எளிதில் ஆவியாகாத கனமான மூலக்கூறுகள் வடிகலனிலேயே தங்கிவிடுகின்றன. பழம் ஒன்றுதான், எண்ணெய் இரண்டு.

வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மனிதக் கல்லீரல் இப்பொருள்களை வெளியேற்றப் பயன்படுத்தும் ஒரு நொதி பூனைக்கு மிகக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் அதற்கு நஞ்சு.

அதே டீ ட்ரீ எண்ணெய் உங்கள் முகப்பருவுக்கு உதவவும் கூடும். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 விழுக்காடு டீ ட்ரீ கூழ் பருக்களைக் குறைத்தது. பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக வேலை செய்தாலும் எரிச்சல் குறைவாக இருந்தது. கவனியுங்கள்: பலன் தந்தது 5 விழுக்காடு. குப்பியிலிருந்து நேராக எடுத்து முகத்தில் தடவிய எண்ணெய் அல்ல.

யார் பொறுப்பு?

2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியோய்டோசிஸ் என்ற தொற்று வந்தது. மலேசியா, தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா அதற்குக் காரணம். ஆனால் அந்த நால்வரும் வெளிநாடு எங்கும் போனதில்லை. இருவர் இறந்துபோனார்கள். கடைசியில், ஒரு நோயாளியின் வீட்டிலிருந்த லாவெண்டர்-கெமோமைல் வாசனைத் தெளிப்பானில் அதே பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. அது இந்தியாவில் தயாராகி, ஒரு பெரிய பேரங்காடியில் விற்கப்பட்ட பொருள். எங்கே தயாரானது, எங்கே விற்கப்பட்டது என்ற விவரம் இருந்ததால், சுமார் 3,900 குப்பிகளைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. விலாசமே இல்லாத குப்பியாக இருந்திருந்தால் எதைத் திரும்பப் பெறுவது?

அதனால்தான் வாங்குமுன் குப்பியைத் திருப்பிப் பாருங்கள் என்கிறேன். தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த நாடு, தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி, நிறுவனத்தின் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். ‘லாவெண்டர்’ என்று மட்டும் போட்டால் போதாது. மலிவான கலப்பினமான லாவண்டினும் அந்தப் பெயரில் விற்கப்படலாம். நல்ல விற்பனையாளர் அந்தத் தொகுதிக்குரிய ஜிசி-எம்எஸ் சோதனை அறிக்கையைக் கேட்டால் காட்டுவார். எண்ணெயில் என்னென்ன மூலக்கூறுகள், எத்தனை விழுக்காடு என்பதை அது சொல்லும். குப்பி அடர்நிறக் கண்ணாடியாக இருக்கட்டும். ஒளி, வெப்பம், காற்று பட்டால் லிமோனீன், லினலூல் போன்றவை ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோலில் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன.

விலையும் ஒரு துப்பு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் இதழ்கள் தேவை. ரோஜா, சந்தனம், செராய் எல்லாம் ஒரே விலை என்றால் சந்தேகப்படுங்கள். ‘நீராவியில் வடித்த மல்லிகை எண்ணெய்’ என்று இருந்தாலும் அப்படியே. மல்லிகையின் மணம் நீராவியின் வெப்பத்தைத் தாங்காது. அதைக் கரைப்பான் கொண்டுதான் பிரித்தெடுக்கிறார்கள்.

நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கும் பொருளில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். அழகுப் பொருள்களுக்கு என்ஓடி எண் உண்டு. ஆனால் அது நிறுவனம் அரசுக்கு அறிவித்ததற்கான எண் மட்டுமே. சோதித்து ஒப்புதல் தந்ததாகப் பொருளல்ல. ‘சிகிச்சைத் தரம்’ என்ற சொல்லுக்கோ எந்த அரசும் சான்றிதழ் தருவதில்லை. அது விற்பவர்கள் உருவாக்கிய சொல்.

நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இரண்டு பெரிய நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றின் முகவர்கள், எண்ணெய் எபோலாவுக்கும் புற்றுநோய்க்கும் மருந்து என்று பரப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணெயை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால், எண்ணெய் எவ்வளவு தூய்மையாக இருந்தும் பயனில்லை.

நம்மிடையே இந்தக் குப்பிகள் பெரும்பாலும் கடை வழியாக வருவதில்லை. தெரிந்தவர் வழியாக வருகின்றன. அத்தை விற்பார், பக்கத்து வீட்டு அக்கா விற்பார். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவோ என்று தயங்குவீர்கள். தயங்காதீர்கள். அவர்களும் நம்பித்தான் விற்கிறார்கள். பலருக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. “அத்தை, இந்தக் குப்பிக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா? பதிவு எண்ணைச் சேர்ந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். வீட்டில் அறிவியல் படிப்பவர் நீங்கள்தான்.

இன்றே குப்பிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத அலமாரிக்கு மாற்றுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 999ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனது என்ன என்பதை மருத்துவர் அதைப் படித்துத்தான் அறிவார்.