மண்ணை அளந்த பிறகு மென்பொருளைப் பேசலாம்

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களின் கண் கோயில் கோபுரத்தின் மேல்தான் இருக்கும். ஊரை ஒட்டிய பிள்ளைப்பெருமாநல்லூரில், எரிவாயுவாலும் நாப்தாவாலும் இயங்கும்படி கட்டி 2001-இல் திறந்த 330.5 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் உயரழுத்தக் கம்பிகளைச் சுமக்கும் இரும்பு டவர்கள் நெல் வயலுக்கு நடுவே நிற்கின்றன. ஐப்பசியில் வானம் இடித்தால் அடி வாங்குவது அவைதான்.

அந்த அடி என்ன செய்யும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். மைக்ரோ நொடிகளில் வந்து போகும் அழுத்த எழுச்சியை, பொறியாளர்கள் 'சர்ஜ்' என்று சொல்வதை, கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் பல உண்டு. எதை வாங்குவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் கூடவே வரும்: விலை கூடியதுதான் துல்லியம், இலவசமானது மாணவர் பயிற்சிக்கு, நல்லதாக ஒன்றை வாங்கிவிட்டால் எல்லா ஆய்வுக்கும் போதும். இந்த மூன்றுமே நிற்காது.

முதலில் விலை. ஹெர்மன் டொம்மெல் 1969-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்குத் தலைக்காவிரி. நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி, சுருளையும் மின்தேக்கியையும் ஒவ்வொரு நேரப்படியிலும் ஒரு மின்தடையாகவும் ஒரு மின்னோட்ட மூலமாகவும் மாற்றிக் கணக்குப் போடும் வழியை அவர் வகுத்தார். அமெரிக்காவின் பான்வில் மின் நிர்வாகத்தில் வளர்ந்த இ.எம்.டி.பி., அதிலிருந்து 1984-இல் பிரிந்த ஏ.டி.பி., கனடாவின் மனிடோபாவில் பிறந்த பி.எஸ்.கேட் எல்லாமே அந்த ஊற்றிலிருந்து வந்தவை. இவற்றுள் ஏ.டி.பி. இலவசம், உரிம நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் போதும். ஒரு 110 கிலோவோல்ட் கம்பித்தடத்தின் மின்னல் ஆய்வுக்கு அது தாராளமாகப் போதும்.

விலைக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. புகளூர்–திருச்சூர் இடையே 2021-இல் இயங்கத் தொடங்கிய ±320 கிலோவோல்ட் நேர்திசை மின் தடம் போன்றவற்றில் மின்னணுச் சுவிட்சுகள் இடைவிடாமல் திறந்து மூடுகின்றன. இரண்டு நேரப்படிகளுக்கு நடுவே சுவிட்ச் மாறும் கணத்தைச் சரியாகப் பிடிக்கும் வசதியும், இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் பூட்டித் தரும் மாதிரிகளை அப்படியே ஓட்டும் வசதியும் பி.எஸ்.கேட்டில் உண்டு. அங்கே கொடுக்கும் பணம் நியாயமானது.

ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்ற நம்பிக்கையைக் கலிஃபோர்னியா காட்டுத்தீ உடைத்தது. 2016 ஆகஸ்ட் 16 அன்று தீயால் மின்தடங்களில் பழுது ஏற்பட, சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் விழுந்தது. பழுதின்போது உருக்குலைந்த மின்னழுத்த அலையைப் பல இன்வெர்ட்டர்கள் 'அதிர்வெண் சரிந்துவிட்டது' என்று தவறாகப் படித்துத் தாமே நின்றுபோயின. மின்பாய்வு, நிலைப்புத்தன்மை ஆய்வுகளுக்குப் பி.எஸ்.எஸ்.இ. என்ற மென்பொருள் அருமையான கருவிதான். ஆனால் அது அலையின் அளவையும் கோணத்தையும் மட்டும் வைத்துக் கணக்கிடுவது. அலையின் முழு வடிவம் அதில் கிடையாது. இல்லாத வடிவம் சிதைவதை எப்படிக் காட்டும்?

சரியான கருவியே கையில் இருந்தாலும் நேரப்படியில் கோட்டைவிடலாம். கம்பியில் சர்ஜ் மைக்ரோ நொடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடும். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. 33 மைக்ரோ நொடிக்குள் போய்விடும். பலரும் வழக்கமாக வைக்கும் 50 மைக்ரோ நொடிப் படியில் அலை 15 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். மின்னல் ஆய்வுக்கு நேரப்படி ஒரு மைக்ரோ நொடிக்கும் கீழே இறங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட விடையைப் புரட்டிப்போடுவது டவரின் கால் ஊன்றிய மண். ஓர் எளிய கணக்கு: 30 கிலோஆம்பியர் மின்னல் டவர் வழியாகத் தரையில் இறங்குகிறது. எர்த் மின்தடை 10 ஓம் என்றால் டவரின் அழுத்தம் 300 கிலோவோல்ட்; 40 ஓம் என்றால் 1,200. 110 கிலோவோல்ட் அமைப்பு தாங்க வேண்டிய மின்னல் அழுத்தம் வழக்கமாக 550. முதல் கணக்கில் இன்சுலேட்டர் தப்பிக்கும், இரண்டாவதில் தீப்பொறி தாவும். தரைக்கம்பி பங்குபோடும் மின்னோட்டத்தைச் சேர்த்தால் எண்கள் குறையும். ஆனாலும் இந்த இடைவெளியை எந்த மென்பொருளும் தானாகச் சரிசெய்யாது. கொடுத்த எண்ணைத்தான் அது நம்பும்.

டெல்டாவில் அந்த எண் ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. சம்பா பருவத்தில் களிமண் நீரில் ஊறி மின்சாரத்தை எளிதாக வாங்கும். சித்திரையில் அதே வயல் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். மேல்மண் காய்ந்து மின்தடை ஏறும். கடற்கரை மணலோ வேறு கணக்கு. கோடைமழையின் இடி வருவதும் அந்தக் காய்ந்த நாட்களில்தான். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழையில் இன்னொரு தடவை, எர்த் டெஸ்டரையும் நான்கு இரும்புக் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி மண்ணை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஏ.டி.பி. ஆனாலும் பி.எஸ்.கேட் ஆனாலும், அந்த இரண்டில் பெரிய எண்ணையே முதலில் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.