பொன்னாடை போதும், பேசிய கூலியைக் கொடுங்கள்!

வாயிலிலே பறை முழங்குகிறது. வாழையும் தோரணமும் காற்றில் அசைகின்றன. மாலை சூடிய பிரமுகர்கள் நடந்து வர, அவர்களுக்கு முன்னே பறைமேளக் கலைஞர் அறுவர் உச்சி வெயிலிலே முழக்கிச் செல்கின்றனர். மேடைப் படி வந்ததும் பிரமுகர்கள் ஏறுகின்றனர், பறை நிற்கிறது, முழக்கியவர்கள் பக்கவழியாலே வெளியே அனுப்பப்படுகின்றனர். பின்னர் ஒலிபெருக்கியின் முன் ஒருவர் எழுந்து, பறையே தமிழரின் ஆதி இசை என்று அரைமணி நேரம் பேசுகிறார். அவர் பேசும்போது அந்த ஆதி இசைக்கு உரியவர்கள் மதிலுக்கு வெளியே, பூவரச மர நிழலிலே, சோற்றுப் பொதிக்காகக் காத்திருக்கின்றனர்.

இது கற்பனை அன்று. அண்மையிலே ஒரு பிரதேசப் பாரம்பரிய இசை விழாவில் நாம் கண்ணாற் கண்ட காட்சி. ஊரின் பெயரைச் சொல்லமாட்டோம். அந்த ஊரை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மற்றைய ஊர்கள் தப்பிவிடும். அன்று பறைக்குப் பின்னாலே மாலையோடு நடந்து சென்றவர்களுள் நாமும் இருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே இந்தக் குற்றப்பத்திரத்தில் முதற் பெயர் நம்முடையதே.

விழா அழைப்பிதழைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்து சினிமாப் பாட்டுப் பாடும் இசைக்குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பாடகர் பெயர், அவர்தம் பட்டம், படம் யாவும் உண்டு. உள்ளூர்க் குழுக்களுக்கோ ஒரே ஒரு வரி: ‘மங்கல வரவேற்பு – உள்ளூர்க் கலைஞர்கள்’. பெயர் இல்லை, ஊர் இல்லை, அண்ணாவியார் யாரென்ற குறிப்பும் இல்லை. வெளியூர்க் குழுவுக்கு முற்பணம் முன்கூட்டியே போயிற்று. வந்து போகும் செலவும் தங்கும் விடுதியும் எழுத்திலே உறுதி செய்யப்பட்டன. உள்ளூர்க் கூத்துக் குழுவுக்கு ஒரு பொன்னாடை, ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல். விழா முடிந்து வெளியேறிய வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒருவர் நம்மை மறித்துக் கேட்டார்: “தம்பி, எங்களை ஏற்றி வந்த லொறிக்காரன் இந்தப் பொன்னாடையை வாங்குவானா?” கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்திலே எத்தனையோ கேள்விகளுக்கு மறுமொழி கொடுத்த நமக்கு, அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

பத்து நிமிடக் கூத்து

அந்தக் குழுவுக்கு மேடையிலே ஒதுக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம்! கூத்து என்றால் என்னவென்று அறிந்தவர்கள் இட்ட கணக்கா இது? மட்டக்களப்பிலே அண்ணாவியார் சட்டம் கொடுத்த நாள் தொடக்கம், சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, களரியில் அரங்கேறும் வரை மாதக்கணக்கிலே இரவுகள் கழிகின்றன. பகலெல்லாம் வயலிலே சேறு மிதித்த கால்களே இரவிலே மத்தளத்துக்கு இசைய வட்டக்களரியைச் சுற்றி வருகின்றன. வடமோடியாயினும் தென்மோடியாயினும் விடிய விடிய ஆடப்படுவது அது. அதைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கச் சொல்வது, நெற்பயிரைக் கதிர் வருமுன் அறுத்து மாட்டுக்குப் போடுவதற்குச் சமம். கமக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நேரம் கருதிச் சுருக்கத்தானே வேண்டும் என்பர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது அவரும் கூத்தைச் சுருக்கத்தான் செய்தார். ஆனால் எப்படிச் சுருக்கினார்? அண்ணாவிமாரின் அறிவுக்கு மதிப்பளித்து, அவர்களின் துணையோடு மாணவரைப் பழக்கி, ஆட்டமும் பாட்டும் சிதையாமற் சுருக்கினார். சுருக்குவது வேறு, நறுக்குவது வேறு. நம் விழாக்காரர் செய்வது நறுக்கல்.

உள்ளூர்க் குழுக்களுக்குச் சனம் கூடாது என்பது அடுத்த சாட்டு. 2011 மார்ச்சிலும் 2013 மார்ச்சிலும் யாழ்ப்பாணத்திலே நோர்வே நாட்டின் ஆதரவோடு மூன்று நாள் இசை விழா நடந்தது. இத்தீவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த நாட்டார் கலைக் குழுக்கள் பிற நாட்டுக் குழுக்களோடு அங்கே ஆற்றுகை செய்தன. சனம் வந்தது, பார்த்தது. வடதுருவத்துக்கு அண்மையிலுள்ள நாட்டவருக்கு மதிப்பாகத் தெரிந்த கலை, மதிலுக்கு இப்பால் இருக்கும் நமக்கு மாத்திரம் வாயிற்காவலாகத் தெரிவது ஏன்?

பேசிய சம்பளம் வளர்த்த கலை

கலை தொண்டு, அதற்கு விலை பேசலாமா என்று கேட்போரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணத்து நாதஸ்வர, தவில் மரபையே சாட்சியாக அழைக்கிறோம். இணுவில் மரபிலே வந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகத்து நாதஸ்வர வித்துவான்கள் விரும்பி அழைத்துச் சென்றனர். 1933இல் பிறந்து 1975இல் மறைந்த அவருடைய புகழ் இன்றும் குன்றவில்லை. அத்தகைய மேதை வானத்திலிருந்து விழுந்தாரா? இல்லை. நல்லூரிலே இருபத்தைந்து நாள் திருவிழா. ஊருக்கு ஊர் பத்து நாள், பதினைந்து நாள் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் மேளக் குழுவைப் பேசி, முற்பணம் கொடுத்து, சம்பளம் தீர்க்கும் வழக்கம் இருந்தது. அந்த வருவாயை நம்பியே தகப்பன் மகனுக்குப் பழக்கினான். இணுவிலும் அளவெட்டியும் இசையூர்களாயின. கலை பொன்னாடையால் வளரவில்லை. பேசிய சம்பளத்தால் வளர்ந்தது.

இந்த நியாயம் மேளத்துக்குப் பொருந்துமானால், பறைக்கும் உடுக்குக்கும் கூத்துக்கும், மலையகத்துக் காமன் கூத்துக்கும் தப்புக்கும் ஏன் பொருந்தாது? இங்கேதான் எவரும் வாய் திறக்க விரும்பாத உண்மை ஒளிந்திருக்கிறது. கலைஞனின் கூலியை இன்றும் அவனுடைய சாதி அளக்கிறது. பறையை மேடையிலே புகழ்கிறோம். பறைஞனை மேடையில் ஏற்றத் தயங்குகிறோம். 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுப் பொலிஸ் தடியடிக்கு உள்ளான தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தை மறந்துவிட்டோமா? அடிமைச் சேவகமாகப் பறையடிக்கமாட்டோம் என்று மறுத்தவர்களும் அந்த உரிமைக் குரலின் வாரிசுகளே. விருப்பத்தோடு வாசிப்பவனுக்கு மேடையும் கூலியும் உரிமை. வாசிக்க விரும்பாதவனுக்கு மறுப்பும் உரிமை. ‘உங்கள் பரம்பரைத் தொழில்தானே’ என்று எவரையும் நெருக்குவது பாரம்பரியப் பாதுகாப்பு அன்று. பழைய அடிமைத்தனத்துக்குப் புதிய பெயர்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் ஒருவர்மீது குறைபாடு சுமத்துவதைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 12ஆம் உறுப்புரை சாதி காரணமான பாரபட்சத்தைத் தடைசெய்கிறது. 14ஆம் உறுப்புரை தன் பண்பாட்டைத் துய்க்கவும் வளர்க்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் சுதந்திரம் அளிக்கிறது. அரச அலுவலகம் நடத்தும் விழாவிலே இவ்வுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். விழா முடிந்து பந்தல் பிரித்ததும் வழக்கும் முடிந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

இன்னொன்று. விழாவிலே நான்கு புறமும் காணொளிக் கருவிகள் நின்றன. அந்தக் கூத்தும் பறையும் பின்னர் எங்கே போகின்றன? யார் பணம் பார்க்கிறார்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆற்றுகையாளரின் அனுமதியின்றி அவர் ஆற்றுகையைப் பதிவுசெய்யவோ ஒலிபரப்பவோ பொதுவாக இடமில்லை. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிகத்துக்காகவோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அனுமதி கொடுக்கும் உரிமையை அது ஊருக்குக் கொடுக்கவில்லை; அமைச்சர் குறித்துக் காட்டும் அதிகாரபீடத்துக்குக் கொடுக்கிறது. நம் வயலோரத்துப் பாட்டுக்கு அனுமதிச் சீட்டு எழுதும் பேனா அமைச்சரின் மேசையிலே! இதை எதிர்த்து நாம் குரல் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அக்குரல் எழுமுன் நம் கையிலுள்ள பேனாவால் என்ன எழுதினோம் என்ற கேள்விக்கு விடை வேண்டும். ‘உள்ளூர்க் கலைஞர்கள்’ என்ற பெயரற்ற ஒற்றை வரிதானே எழுதினோம்?

நாம் கேட்பவை

2025 மே மாதத்திலே மக்கள் வாக்களித்துத் தெரிந்த பிரதேச சபைகளையும், விழா எடுக்கும் சங்கங்களையும், அரச அலுவலகங்களையும் நோக்கி நாம் கேட்பவை ஐந்தே ஐந்து.

முதலாவது, உள்ளூர்க் குழு ஒவ்வொன்றோடும் விழாவுக்கு முன்னரே எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். கூலி, நேரம், வாகனச் செலவு, சாப்பாடு ஆகியவை அதிலே இருக்க வேண்டும். இரண்டாவது, கூலியின் பாதி முற்பணமாகவும் மீதி மேடையை விட்டு இறங்கும் அன்றே கையிலும் சேர வேண்டும். மூன்றாவது, நிகழ்ச்சி நிரலிலே குழுவின் பெயரும் ஊரும், அண்ணாவியார், வாத்தியக் கலைஞர் பெயர்களும் அச்சாக வேண்டும். சனம் கூடியிருக்கும் இரவு வேளையிலே கூத்துக்கும் பறைக்கும் முழு நேரம் வேண்டும். நான்காவது, கலைஞரின் எழுத்துச் சம்மதமின்றிப் பதிவு கூடாது; பதிவிலே வருவாய் வந்தால் பங்கு வேண்டும். ஐந்தாவது, ஒரே பந்தல், ஒரே வரிசை, ஒரே சாப்பாடு.

பணமில்லை என்று சொல்லாதீர்கள். பொன்னாடைகளின் விலையையும், பிரமுகர் மாலைகளின் விலையையும், வெளியூர் இசைக்குழுவுக்கு எண்ணிக் கொடுத்த தொகையையும் கூட்டிப் பாருங்கள். இல்லாதது பணம் அன்று, மனம்.

கற்றோரே! சம்பளம் பேசாமல் எந்த அலுவலகத்திலே நீங்கள் கையொப்பம் இட்டீர்கள்? கமக்காரரே! சந்தையிலே ‘கழிவு’ என்று சொல்லி உங்கள் மரக்கறியின் நிறையிலே வெட்டியபோது உங்கள் வயிறு எரிந்ததல்லவா? அதே கழிவைத்தான் நம் விழாக்கள் கலைஞனின் உழைப்பிலே வெட்டுகின்றன. உங்கள் ஊரிலே அடுத்த விழாவுக்குக் கூட்டம் கூடும்போது எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உள்ளூர்க் குழுவின் ஒப்பந்தம் எங்கே?” மறுமொழி வரும்வரை உட்காராதீர்கள்.

1956ஆம் ஆண்டு தொடக்கம் நாம் கொழும்பை நோக்கிச் சொல்லி வருவது, சலுகை வேண்டாம், உரிமை வேண்டும் என்பதே. அதே சொல்லை இன்று பூவரச மர நிழலிலிருந்து ஒரு பறைமேளக் கலைஞர் நம்மை நோக்கிச் சொல்கிறார். கொழும்பு செவிசாய்க்கவில்லை என்று குறை சொல்லும் நாம், முதலில் அவருக்குச் செவிசாய்ப்போம். அடுத்த விழாவிலே பறை வாயிலோடு நிற்கக் கூடாது. முழக்கியவரோடு மேடைக்கு ஏற வேண்டும். அவர் ஏறாத மேடையிலே நாமும் ஏறோம்.