அம்மா மேற்கோள் ஆகமாட்டாள்

என் எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்தது நான் இல்லை. நெறியாளர் ஒரு தாளில் பதினொரு தலைப்புகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளுக்கு ஒன்று. எனக்கு வந்தது பாமாவின் 'கருக்கு'. நான் ஆங்கில இலக்கிய மாணவி என்பதால், லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்து 2000இல் மேக்மில்லன் வெளியிட்ட ஆங்கிலக் 'கருக்கு'. அடையாளம், அதிர்ச்சி, எதிர்ப்பு என்று தலைப்பில் மூன்று சொற்கள். சொல்லுக்கு ஓர் இயல். முன்னால் அறிமுகம், பின்னால் முடிவுரை. அறுபது பக்கம்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. அம்மா மல்லிகைக் காட்டுக்குப் பூவெடுக்கப் போகிறவள். 'கருக்கு' பேசும் தமிழ் வத்திராயிருப்புப் பக்கத்துத் தமிழ். திருமங்கலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவிலில் இறங்கி மாறினால் வத்திராயிருப்பு வந்துவிடும். 1992இல் அந்தப் புத்தகம் வெளிவந்ததும் மதுரையிலிருந்துதான். அதை நான் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் விளக்கி, ஆங்கிலப் பதிப்பின் பக்க எண்ணைப் போட்டேன். ஹோம்ஸ்ட்ராமைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மொழிபெயர்க்காமல் இருந்திருந்தால் எங்கள் துறைப் பாடத்திட்டத்துக்குள் பாமா நுழைந்திருக்கவே முடியாது. என் கோபம் அந்த நுழைவாசலின் மேல்தான்.

தமிழ்க் 'கருக்கு'வை நூலகத்திலிருந்து எடுத்து வந்து ராத்திரிகளில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவாள், அவ்வளவுதான். தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடம் வந்தது. எனக்கு அது 'அதிர்ச்சி' இயலில் வரவேண்டிய பகுதி. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எங்கய்யாவுக்குச் செரட்டையிலதான் ஊத்துவாக" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதையெல்லாமா தாயி புஸ்தகத்துல எழுதுவாக? எழுதலாமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். 'கருக்கு' வெளிவந்தபோது பாமாவின் சொந்த ஊர்க்காரர்களே அவர்மேல் கோபப்பட்டார்கள். ஊருக்குள் போகவே அவருக்குச் சில மாதங்கள் ஆயின. அடி வாங்கியவர்களுக்குத் தங்கள் அடியை அச்சில் பார்க்க ஏன் கூசுகிறது, எழுதுகிறவள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றெல்லாம் யோசித்து எழுதினேன். அந்த அறுபதில் நான் யோசித்த பக்கங்கள் அவை நான்கு மட்டுமே.

நெறியாளர் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டார். "அம்மாவெல்லாம் ரெஃபரன்ஸ் ஆகாதும்மா. அங்க ஸ்பிவாக்கைப் போடு."

போட்டேன். ஒடுக்கப்பட்டவள் பேச முடியுமா என்று கேட்கிற 1988ஆம் ஆண்டுக் கட்டுரையை, பேசிய ஒருத்தியை அடித்துவிட்டு அதே இடத்தில் மேற்கோளாக ஒட்டினேன். வைவாவில் யாரும் சிரிக்கவில்லை. நல்ல மதிப்பெண்.

கோட்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். ஸ்பிவாக்கை ஒழுங்காகப் படித்த மாணவி அந்த நான்கு பக்கங்களை அடிக்கவிடமாட்டாள். நாங்கள் படித்தது அவரை அல்ல. வேறு ஆய்வேடுகளில் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த அவருடைய இரண்டு வரிகளைத்தான். பெரியார் பஸ் நிலையத்தருகே நான் அச்சடிக்கக் கொடுத்த டி.டி.பி. கடைக்காரர் கேட்டார்: "மேற்கோளெல்லாம் எங்ககிட்டயே இருக்கும்மா, சேத்துரவா?" இப்போது ஒப்புமை பார்க்கும் மென்பொருள் வந்துவிட்டது. பத்து விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்று யு.ஜி.சி.யின் 2018 விதி சொல்கிறது. பிள்ளைகள் சொற்களை மாற்றிப்போட்டுத் தப்பிக்கிறார்கள். திருடிய வாக்கியத்தைத்தான் மென்பொருள் பிடிக்கும். ஒருத்தி எதையுமே யோசிக்கவில்லை என்பது அதற்குத் தெரியாது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? முன்பு எம்.ஃபில். இருந்தது. வீட்டுக்கு எம்.ஏ.வுக்கும் கல்யாணத்துக்கும் நடுவே 'சும்மா இருக்கிற' ஒரு வருஷம். பெண்ணுக்கு ஓர் ஆய்வு எழுதிப் பார்க்கிற வருஷம். எம்.ஃபில். சேர்ந்தவர்களில் பெண்களே அதிகம் என்று உயர்கல்விக் கணக்கெடுப்புகள் காட்டின. 2022 நவம்பரில் யு.ஜி.சி. அதை எடுத்துவிட்டது. தரம் இல்லை என்றார்கள். பலவற்றுக்குத் தரம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மூடியவர்கள் அந்தப் பெண்களுக்கு வேறெந்தக் கதவைத் திறந்தார்கள்? பிஎச்.டி.க்கு நான்கைந்து வருஷம் வேண்டும். எந்த வீடு காத்திருக்கும்? ஆக, இன்று இந்தச் சமவெளியிலிருந்து பஸ் ஏறி வரும் பெரும்பாலான பெண்களுக்கு நான்காம் செமஸ்டர் புராஜெக்ட்தான் வாழ்நாளில் நீளமாக எழுதப்போகும் ஒரே எழுத்து. அறுபது பக்கம் 'நான் நினைப்பது இது' என்று சொல்ல ஒரே இடம். அங்கேயும் தயார் தலைப்பு, தயார் மேற்கோள்.

இந்த வார்ப்பு சோம்பேறித்தனத்தால் மட்டும் வந்ததல்ல. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இது தோதாக இருக்கிறது. களப்பணி கிடையாது, முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டாம், ஆறு மணிக்குள் வீடு. தலைப்பில் பெண்ணியம் இருக்கலாம். அதை எழுதுகிறவள் தனியாக ஒரு பஸ் ஏறக் கூடாது. சாதியைப் பற்றி எழுதலாம். வகுப்பில் இருக்கிற சாதியைப் பற்றிக் கூடாது. என் தோழி ஒருத்திக்கு வைவா அன்றே பெண் பார்க்கவும் வந்தார்கள். 'குடும்பம் என்னும் சிறை' பற்றிய இயலுக்குப் பதில் சொல்லிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

"இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாக்கியமே வராது, வார்ப்பு இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வாக்கியம் வராதவளுக்கு வாக்கியம் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். எனக்கு அந்த நான்கு பக்கத்தில் தப்பும் தவறுமாக ஆங்கிலம் வந்தது. மீதிப் பக்கங்களில் தப்பே இல்லாமல் ஒன்றும் வரவில்லை.

இதைச் சொல்லும் நான் யோக்கியம் இல்லை. இப்போது நானும் கௌரவ விரிவுரையாளர். என்னிடம் ஒன்பது பேர். போன வருஷம் ஒருத்தி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், தன் அப்பத்தா பாடுகிற ஒப்பாரியை எழுத வேண்டும் என்று வந்தாள். தன் பேத்தி குழந்தையிலேயே செத்ததற்கு அப்பத்தா பாடிய பாட்டாம். அந்தச் சாவு எப்படி வந்தது என்பதும் பாட்டுக்குள் இருக்கிறதாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாட்டுப்புறவியல் தமிழ்த்துறை சப்ஜெக்ட். நீ டோனி மாரிசன் பண்ணு, மெட்டீரியல் நிறையக் கிடைக்கும்." அவள் தலையாட்டினாள். கோடு போட எனக்குச் சிவப்புப் பேனாகூடத் தேவைப்படவில்லை. மாரிசனையும் அந்த அப்பத்தாவையும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெற்றவளே பிள்ளையைக் கொல்ல நேர்ந்த கதைதானே 'பிலவட்'? அவள் மாரிசன் எழுதினாள். நல்ல மதிப்பெண். அப்பத்தா இந்தத் தை மாதம் செத்துப்போனார். பாட்டை யாரும் பதியவில்லை.

இந்த வருஷம் தலைப்புத் தாளை நான் தட்டச்சு செய்யவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து இரண்டு வாரம் அவகாசம் தந்தேன். ஐந்து பேர் பழைய வார்ப்பையே எழுதிக்கொண்டு வந்தார்கள். இருவர் எதுவும் எழுதவில்லை, அழுதாள் ஒருத்தி. ஒருத்தி தன் அம்மா பார்க்கும் சீரியல்களைப் பற்றி எழுத வேண்டும் என்கிறாள், அம்மாவின் பேட்டியோடு. இன்னொருத்தி 'கருக்கு'வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டி எழுதுகிறேன் என்கிறாள். நான் என் கதையை அவளிடம் சொன்னதே இல்லை.

இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார்.