வேர் அறிந்தால் சொல் பெருகும்





சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்தபின் ஒரு வாலிபத் தம்பி கலங்கிய கண்களோடு என்னிடம் வந்தான். கிராமத்தில் தமிழ் வழியில் பயின்று, வேலைக்காக மும்பைக்கு வந்தவன், கணக்கில் வல்லவன். பதவி உயர்வுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் இரண்டாம் முறையும் தவறியிருந்தான். "பாஸ்டர், தினமும் அகராதியில் ஐம்பது வார்த்தைகளை மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் மறந்துபோகிறது. கர்த்தர் எனக்கு அந்த ஞானத்தைத் தரவில்லையோ?" என்றான்.

"ஞானம் குறைவுபடவில்லை தம்பி, முறைதான் தவறு" என்று சொல்லி, அவன் கையிலிருந்த வேதாகமத்தையே திறக்கச் செய்தேன்.

வெளிப்படுத்தின விசேஷம் 3-ம் அதிகாரத்தில் பிலதெல்பியா சபையைக் காண்கிறோம். கிரேக்க மொழியில் 'பிலோ' என்பது நேசத்தைக் குறிக்கும். 'அதெல்போஸ்' என்றால் சகோதரன். லூக்கா தன் சுவிசேஷத்தை எழுதி அனுப்பிய தெயோப்பிலுவின் பெயரில் 'தெயோஸ்', அதாவது தேவன், என்னும் சொல் இருக்கிறது. இவ்விரு வேர்களிலிருந்தே ஆங்கிலத்தில் எத்தனை கிளைகள்! பிலாசபி, ஞானத்தின்மேல் நேசம். பிலாந்த்ரபி, மனிதர்மேல் நேசம். தியாலஜி, தேவனைக் குறித்த கல்வி. ஏதிஸ்ட், தேவன் இல்லை என்பவன். நீதிக்கு எதிராக அநீதி என்கிறோமே, அதுபோல முன்னெழுத்து இன்மையைக் காட்டுகிறது.

தெக்கப்போலி என்றால் பத்துப் பட்டணங்கள். 'டெக்கா' பத்து என்று அறிந்தவனுக்கு டெக்கேட் பத்து ஆண்டுகள் என்பது மறவாது. 'போலிஸ்' பட்டணம் என்று அறிந்தவனுக்கு மெட்ரோபொலிஸ் தாய்ப்பட்டணம் என்பது விளங்கும்.

நார்மன் லூயிஸ் 1949-ல் வெளியிட்ட 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்னும் நூலும் இவ்வழியிலேயே வேர்ச்சொற்களைக் கொண்டு கற்பிக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையைக் குறித்த ஒரு வாக்கியத்தில் அமைத்து நோட்டில் எழுதுங்கள். மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் நோட்டை மூடிவைத்து நினைவுகூருங்கள். வேரைக்கொண்டு ஊகித்த பொருளை அகராதியில் சரிபாருங்கள். சில சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறியிருக்கும்.

அந்நிய பாஷையைக் கற்பது பாவமல்ல, வெட்கமுமல்ல. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்கும்படி மூன்று வருஷப் பயிற்சிக்கு நியமிக்கப்பட்டான் (தானியேல் 1:4,5). ஆயினும், அரமனையில் உயர்ந்த பின்னும் எருசலேமுக்கு நேரான பலகணியை அவன் அடைத்துவிடவில்லை. பெற்றோரே, பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேறட்டும். குடும்ப ஜெபத்தில் தமிழ் வேதத்தை வாசிக்கும் நாவையும் இழக்காதிருக்கட்டும்.

அந்தத் தம்பிக்கு அடுத்த தேர்வு இன்னும் வரவில்லை. ஆனால் அவனுடைய நோட்டில் பாதி நிரம்பிவிட்டது. அவனுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.