விஞ்ஞானிக்கும் துண்டுக் கூலியா?

பல்கலைக்கழக வாசல்களில் ஆண்டுதோறும் வாழ்த்துத் தட்டிகள் கட்டப்படுகின்றன. "உலகின் தலைசிறந்த 2 சதவிகித விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்!" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நம் நாட்டு விஞ்ஞானிகள் உயர்ந்தால் உழைப்பாளி மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தப் பட்டியலுக்கு அளவுகோல் எது? அந்த அளவுகோல் யார் கையில் இருக்கிறது?

ஒரு விஞ்ஞானி எழுதிய கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டுவதற்கு மேற்கோள் என்று பெயர். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1960-களில் இந்த மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். ஓர் ஆராய்ச்சியைத் தொடர்ந்து என்னென்ன நடந்தது என்று தேடிப் பார்க்க அது நல்ல கருவி. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி ஒரு கணக்கைச் சொன்னார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு மதிப்பெண் 20. தேடுவதற்கு வந்த கருவி இப்படித்தான் ஆளை எடைபோடும் தராசாக மாறியது. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிக்குப் பணம் எல்லாவற்றுக்கும் இன்று இந்தத் தராசுதான்!

மில் தோழர்களே, துண்டுக் கூலி என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால் தரத்தைப் பார்க்க நேரம் ஏது? ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான். ஒரு கட்டுரையில் சொல்ல வேண்டியதை மூன்றாக உடைத்து எழுதுகிறார்கள். "நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன்" என்று மொய் எழுதுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கடைகளும் முளைத்துவிட்டன. அவற்றுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் "கட்டுரை மில்"! கிளாரிவேட் என்ற கம்பெனி ஆண்டுதோறும் அதிக மேற்கோள் பெற்ற விஞ்ஞானிகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2023-ல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரையும், 2024-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரையும் அந்தக் கம்பெனியே சந்தேகத்தின்பேரில் ஒதுக்கிவிட்டது. கணக்கில் மோசடி மலிந்ததால் 2023-ல் கணிதத் துறையையே பட்டியலிலிருந்து நீக்கியது.

இந்தத் தராசில் நிற்காத ஒரு விஞ்ஞானியைப் பாருங்கள். வியட்நாம் யுத்தத்தின்போது காடுகளில் போராடிய வீரர்களை மலேரியா வாட்டியது. வியட்நாம் உதவி கேட்டது. மக்கள் சீனம் 1967 மே 23-ல் மருந்து தேடும் திட்டத்தைத் தொடங்கியது. 1969-ல் அதில் சேர்ந்த தூ யூயூ என்ற பெண்மணி பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு குறிப்பிலிருந்து வழி கண்டு, ஒரு பச்சிலையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தார். அதை முதலில் தாமே உட்கொண்டு சோதித்தார். 1977-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் பெயர் இல்லை. கூட்டு ஆராய்ச்சிக் குழு என்று மட்டுமே இருந்தது. அவருக்கு டாக்டர் பட்டமும் கிடையாது. 2015-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 84. வயலிலும் காட்டிலும் உழைப்பவனைக் கொல்லும் நோய்க்கு மருந்து கண்டவரை எந்த மேற்கோள் கணக்கு அடையாளம் காட்டியிருக்கும்?

இங்கேதான் நம் வயிற்றுப்பாடு வருகிறது. மில்லில் பஞ்சுத் தூசி தொழிலாளியின் நெஞ்சை அரிப்பதைப் பற்றியோ, ஒரு தாலுகாவின் உவர் நிலத்துக்கேற்ற நெல்லைப் பற்றியோ ஆராய்ந்தால், எடுத்துக்காட்டப் பத்துப் பேர் கிடைப்பதே அருமை. பணக்கார நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் எதைப் பேசுகின்றனவோ அதையே பேசினால் மேற்கோள் குவியும். பதவி உயர்வு வேண்டிய இளம் விஞ்ஞானி எந்தப் பக்கம் போவார்?

லாபம் யாருக்கு? 2 சதவிகிதப் பட்டியலைத் தொகுப்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் அயோனிடிஸ். அதற்கான மேற்கோள் கணக்கு எல்சவியர் என்ற பெரும் பிரசுர முதலாளியின் சொத்து. விஞ்ஞானி ஊதியமின்றி எழுதித் தருகிறார். மற்றொரு விஞ்ஞானி ஊதியமின்றிச் சரிபார்க்கிறார். கம்பெனி அதையே நமக்குத் திருப்பி விற்கிறது! எல்சவியர் உள்ளிட்ட 30 பிரசுர நிறுவனங்களின் இதழ்களைப் படிக்க, மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவிட மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. அது நம் வரிப்பணம்.

மாற்று வழி இல்லாமலில்லை. மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடும் போக்கைக் கட்டுப்படுத்த 2020-ல் சீன அரசு உத்தரவிட்டது. பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழகம் 2024-ல் கிளாரிவேட் கம்பெனியின் மேற்கோள் அட்டவணைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டது. நம் அரசும் செய்யலாம். விஞ்ஞானியின் கட்டுரையை எண்ணாதே, படித்துப் பார்! அவர் வேலையால் வயலுக்கும் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன பயன் என்று கேள்! மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை மக்கள் இலவசமாகப் படிக்க வகை செய்!

துண்டுக் கூலியை எதிர்த்து நாம் போராடியிருக்கிறோம். அதே நுகத்தடியை இன்று விஞ்ஞானியின் கழுத்திலும் மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றுவதும் நம் வேலைதான்.