வாக்குப்பதிவுக்கு முன்பே தெரிய வேண்டும்

தேர்தல் தேதி அறிவித்த கையோடு தமிழ்நாட்டின் சாலைகளில் பறக்கும் படைகள் இறங்கிவிடுகின்றன. மாட்டுச் சந்தைக்குப் போகும் வியாபாரியும், ஈரோட்டுக்கு ஜவுளி எடுக்கப் போகும் சிறு கடைக்காரரும் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால், அது எப்படி வந்தது, எதற்குப் போகிறது என்று நடுரோட்டில் நின்று ஆவணம் காட்டியாக வேண்டும். காட்ட முடியாதவர் பணத்தை ஒப்படைத்துவிட்டு, அதை மீட்க அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். பணப் பட்டுவாடாவால் 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தான மாநிலம் இது, சோதனை வேண்டும்தான். ஆனால், வாக்காளரின் கைக்கு வரும் பணத்தை இவ்வளவு வேகமாகத் துரத்தும் சட்டம், கட்சியின் கணக்குக்கு வரும் பணத்தைக் கண்டதும் நிதானமாகிவிடுகிறது.

எவ்வளவு நிதானம் என்று பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு நிறுவனம் ஒரு கட்சிக்குப் பத்துக் கோடி ரூபாய் கொடுத்திருந்தால், அது 2024–25 நிதியாண்டுக் கணக்கில் சேரும். அந்த ஆண்டு முடிவது 2025 மார்ச்சில். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் நன்கொடை அறிக்கையைக் கொடுத்தால் போதும். வழக்கமாக அது அக்டோபர் இறுதி. கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரிய வரும்போது, அவர் ஓட்டுப் போட்டு ஒன்றரை ஆண்டு ஓடியிருக்கும். அதற்குள் அமைச்சரவை அமைந்து, இரண்டு பட்ஜெட்டுகளும் வந்து போயிருக்கும். தேர்தல் செலவுக் கணக்கைக் கட்சிகள் 90 நாளில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உண்மை. அதில் மொத்த வரவு இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்காது.

பெரிய நன்கொடை கொடுத்தவர் யார் என்பது வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியாக வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்ததோடு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. தீரவில்லை. நீதிமன்றத்தால் தவறான சட்டத்தை நீக்கத்தான் முடியும். சரியான சட்டத்தை எழுத வேண்டியவர்கள் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை.

பத்திரங்களின் கதையை மறந்துவிடக் கூடாது. கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுப்பதற்கென, ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் ஸ்டேட் வங்கி அவற்றை விற்றது. வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இல்லை. 2018-இல் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் பத்திரங்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று புற ஊதா ஒளியில் பளிச்சென்று தெரிந்தது. அது வெறும் பாதுகாப்பு அம்சம் என்றது அரசு. ஆறு ஆண்டுகள் கழித்து, கொடுத்தவரையும் வாங்கிய கட்சியையும் இணைத்துக் காட்டியது அதே எண்தான். இன்னொரு காட்சி பாட்னாவில். யாரோ ஒருவர் கட்சி அலுவலகத்துக்கு வந்து ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார், பிரித்துப் பார்த்தால் தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள் இருந்தன என்று ஐக்கிய ஜனதா தளம் தேர்தல் ஆணையத்திடமே எழுதிக் கொடுத்தது. ஒரு மாநிலத்தை ஆண்ட கட்சி, தனக்குப் பத்துக் கோடி கொடுத்தவர் யாரென்று தெரியாது என்று அரசமைப்பு நிறுவனம் ஒன்றிடம் சொல்ல, சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. இப்படி 16,000 கோடி ரூபாய்க்கு மேல் கைமாறியது. அதில் மிகப் பெரிய பங்கு, 6,000 கோடிக்கும் மேல், மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா கட்சிக்குப் போனது.

நம் மாநிலமும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. இந்தியாவிலேயே அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது கோவையைத் தளமாகக் கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். அமலாக்கத் துறையின் விசாரணையில் இருந்த நிறுவனம் அது. திமுகவுக்குப் பத்திரங்கள் வழியே வந்த 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனம் கொடுத்தது. அன்றைய சட்டப்படி அது குற்றமல்ல. ஆனால் 2003 முதல் லாட்டரியைத் தடை செய்திருக்கும் ஒரு மாநிலத்தில், ஒரு கட்சியின் பத்திர வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரு லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதை மக்கள் 2021 சட்டமன்றத் தேர்தல் முடிந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தார்கள். அறிந்த பிறகும் அதே கட்சிக்கு அவர்கள் வாக்களிக்கலாம். அது அவர்கள் உரிமை. அறியாமல் முடிவெடுக்க வைத்ததுதான் அநீதி.

இதைவிட வேதனையான அத்தியாயம் தூத்துக்குடியோடு தொடர்புடையது. வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட், சேசா கோவா நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதால் காங்கிரஸும் பாஜகவும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறிவிட்டன என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் நடந்தது என்ன? 2016 நிதிச் சட்டத்தில் ‘வெளிநாட்டு நிதி ஆதாரம்’ என்பதற்கான விளக்கமே 2010 முதல் முன்தேதியிட்டு மாற்றப்பட்டது. அது போதாதென்று 2018-இல் அந்த முன்தேதி 1976 வரை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்தத் திருத்தம் அடங்கிய நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது 2018 மார்ச்சில். மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட நம்மிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டோம். ஆனால், தங்கள் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி இருபது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு, அந்த ஆலையை நடத்திய நிறுவனம் எந்தெந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை உடனுக்குடன் அறியும் உரிமை இருந்தது. தேசியக் கட்சிகள் இரண்டும் எதிரெதிரே நின்று மோதும் நாட்டில், அந்த இரண்டையும் காப்பாற்ற ஒரு சட்டத்தின் பொருளே நாற்பது ஆண்டுகளுக்கு மாற்றப்பட்டதை எளிதில் கடந்து போக முடியாது.

பெயரை வெளியிட்டால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும் என்பதுதான் ரகசியத்துக்கு ஆதரவாக மீண்டும் மீண்டும் சொல்லப்படும் வாதம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் ரகசியம் யாரிடமிருந்து காக்கப்பட்டது? குற்ற வழக்குப் பதிவானால் புலனாய்வு அமைப்புகளுக்கு ஸ்டேட் வங்கி விவரம் தரலாம் என்று பத்திரத் திட்டத்திலேயே எழுதியிருந்தது. பழிவாங்கும் வலிமை உள்ளவர் தெரிந்துகொள்ள வழியிருந்தது, வாக்காளருக்குத்தான் இல்லை. பழிவாங்கலைத் தடுக்கச் சிறந்த வழி, எல்லாப் பெயர்களும் எல்லார் கண்ணிலும் படுவதுதான். ஒரு நிறுவனம் எதிர்க்கட்சிக்குப் பணம் கொடுத்த அடுத்த மாதம் அங்கே சோதனை நடந்தால், அதைக் கேள்வி கேட்க அப்போதுதான் முடியும்.

சிறு நன்கொடையாளர் விஷயம் வேறு. கடைவீதியில் உண்டியல் ஏந்தி வரும் தோழருக்கு நூறு ரூபாய் போடும் தையல்காரரின் பெயரை யாரும் கேட்கக் கூடாது. இருபதாயிரம் ரூபாய் வரை கொடுத்தவர் பெயரை வெளியிடத் தேவையில்லை என்ற இப்போதைய வரம்பு அந்த வகையில் நியாயமானது. ஆனால் அந்த வரம்புக்குள்ளேயே பெரும் பணத்தைத் துண்டு துண்டாக நுழைத்துவிட முடிகிறது. ஒரு தேசியக் கட்சி, இருபதாயிரத்துக்கு மேல் யாரும் எங்களுக்குக் கொடுக்கவே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் அறிக்கை கொடுத்துவந்திருக்கிறது. இதற்குச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் நல்ல தீர்வு சொன்னது: சிறு தொகைகளின் கூட்டுத்தொகை 20 கோடியையோ, மொத்த நன்கொடையில் 20 சதவீதத்தையோ, இதில் எது குறைவோ அதைத் தாண்டினால், அந்த விவரங்களையும் வெளியிட வேண்டும். இதை அப்படியே சட்டமாக்கலாம்.

பத்திரங்கள் போனபின் பெரிய நிறுவனங்களின் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே பாய்கிறது. அறக்கட்டளை யாரிடம் வாங்கியது என்ற பட்டியல் உண்டு, யாருக்குக் கொடுத்தது என்ற பட்டியலும் உண்டு. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பணமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், இன்னார் பணம் இன்ன கட்சிக்கு என்று சொல்ல முடிவதில்லை. நிறுவனத்தின் கணக்கிலும் அறக்கட்டளையின் பெயர் மட்டுமே நிற்கும். ஒவ்வொரு நன்கொடையாளரின் பணமும் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை அறக்கட்டளைகள் தனித்தனியே காட்ட வேண்டும்; இல்லையென்றால் ரத்தான பத்திரம் வேறு பெயரில் தொடர்கிறது என்றே பொருள்.

காலக்கெடுவுக்கு வருவோம். பிரிட்டனில் பொதுத்தேர்தல் காலத்தில் கட்சிகள் பெரிய நன்கொடைகளை வாரந்தோறும் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்கின்றன. வாக்குப்பதிவுக்கு முன்பே அவை வெளியாகின்றன. இந்தியாவில் அது நடக்காதா? பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுநாள் மாலைக்குள் விவரங்கள் தேர்தல் ஆணையத்தின் கையில் இருந்தன. தேநீர்க் கடையில் பத்து ரூபாய் வாங்கியதை ஒலிபெருக்கி உடனே அறிவிக்கும் நாட்டில், ஒரு கோடி ரூபாய் வரவைப் பதிவேற்ற ஒன்றரை ஆண்டு எதற்கு? ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நன்கொடையும் சாதாரண காலத்தில் மாதத்துக்கு ஒருமுறையும், தேர்தல் அறிவித்தபின் 48 மணி நேரத்துக்குள்ளும் ஆணையத்தின் தளத்தில் ஏற வேண்டும். இப்போது அறிக்கை தராத கட்சிக்கு வரிச்சலுகை போகும், அவ்வளவுதான். மறைத்த தொகையைப் போல ஐந்து மடங்கு அபராதமும், மீண்டும் மீண்டும் மறைத்தால் சின்னத்தை இழப்பதும் சட்டத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் வரும் பாதையும் முக்கியம். பத்திரங்களுக்கான திருத்தங்கள் 2017-இல் பண மசோதாவாக வந்ததால், மாநிலங்களவையின் கை கட்டப்பட்டிருந்தது. புதிய சட்டம் தனி மசோதாவாக, நிலைக்குழுவுக்குப் போய், இரு அவைகளிலும் விவாதிக்கப்பட்டு வர வேண்டும்.

அதுவரை தமிழ்நாட்டின் கட்சிகள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்திர விவரத்தை உச்ச நீதிமன்றம் கேட்டபோது, பல கட்சிகள் தெரியாது என்று ஒதுங்கிக்கொள்ள, திமுகவும் அதிமுகவும் கொடுத்தவர்களின் பெயர்களைத் தந்தன. நீதிமன்றம் கேட்டபோது முடிந்தது, வாக்காளர் கேட்கும்போதும் முடியும். அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியலை வெளியிடும் அன்றே, அந்தத் தேதி வரை வந்த பெரிய நன்கொடைகளின் பட்டியலையும் இரு கட்சிகளும் வெளியிடட்டும். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை.