காவலூர்த் தொலைநோக்கி பழையதாகிவிட்டதா?



"விண்வெளியிலேயே தொலைநோக்கிகள் சுற்றிவரும் இக்காலத்தில், ஜவ்வாது மலைமேல் ஒன்று எதற்கு?" என்று கேட்போர் உண்டு. காவலூரில் 1986 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பற்றியே இக்கேள்வி. ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விடை காண்போம்.

தை மாத முன்னிரவில் ஓரியன் விண்மீன் குழுவைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே மங்கலாகத் தெரிவது ஓரியன் நெபுலா. அது ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் நடுவே, சூரியனைவிடப் பன்மடங்கு நிறையுள்ள இளம் விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரியதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 40,000 டிகிரி. அதிலிருந்து வாயு, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பீறிட்டு வெளியேறுகிறது. சம்மட்டி அடிபட்ட இரும்பு சூடேறுவதுபோல, இந்த 'விண்மீன் காற்று' சுற்றியுள்ள வாயுவில் மோதித் தடைப்படும்போது அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 20 இலட்சம் டிகிரியை எட்டுகிறது!

இவ்வளவு சூடான வாயு எக்ஸ் கதிர்களை வெளியிடும். அவற்றை நம் வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால் எந்த மலையிலிருந்தும் காண இயலாது. எக்ஸ்.எம்.எம். நியூட்டன் என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்தான் அவ்வாயுவைக் காட்டிக்கொடுத்தது. இச்செய்தி 2008 இல் வெளியாயிற்று. இந்தியாவும் 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட்டை ஏவியது.

அப்படியானால் காவலூர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. வெப்பமானி காய்ச்சலின் அளவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதுபோல, எக்ஸ் கதிர்கள் வாயுவின் சூட்டைச் சொல்லும். அதைச் சூடேற்றிய விண்மீன் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் நிறமாலையே தெளிவாகச் சொல்லும். ஆஸ்ட்ரோசாட்டிலும் எக்ஸ் கதிர்க் கருவிகளோடு புறஊதாத் தொலைநோக்கி ஒன்றும் வைக்கப்பட்டது. அதை உருவாக்குவதில் முன்னின்றது, காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமேயாகும். ஒருவகை ஒளி மட்டும் போதாது என்பதை அறிஞர்கள் அறிவர்.

காவலூருக்குப் பகை செயற்கைக்கோள் அன்று. வானை நோக்கி வீணாகும் விளக்கொளியே! மங்கலான நிறமாலைகளை அது விழுங்கிவிடும். தெருவிளக்குக்கு ஒரு மூடி போட்டு, ஒளியைத் தரையை நோக்கித் திருப்பினால் மின்சாரமும் மிச்சம், இருளும் மிச்சம். மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் மாணவர்களே, இதை உங்கள் ஊராட்சியிடம் எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?